வெள்ளிக்கிழமை ஈரம்

எங்கள் ஊருக்குப் பாராட்டுக் கேடயம் கொடுக்க லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று துடுர் வந்து சொன்னபோது நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். கையில் வைத்துக்கொண்டு சிரித்திருந்தால் விரல் போயிருக்கும்.

"எதுக்காம் கேடயம்?"

"சிக்கனத்துக்கு. நாடு ஆயிரம் பவுண்டு சம்பாதிக்க எவ்ளோ எரிபொருள் எரிக்குதுன்னு லண்டன்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. அம்பது வருஷமா அந்தக் கோடு இறங்கிக்கிட்டே வருதாம். அதுல நம்ம அபெர்கரன்தான் ரொம்ப வேகமா இறங்கின ஊராம். மூணே வருஷத்துல எண்பத்தோரு சதவீதம்."

"அட கடவுளே! உலையை இழுத்து மூடினா இறங்காம என்ன செய்யும்? செத்துப்போனவன் சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிச்சான்னு அவன் பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பாங்களா?"

"என்கிட்ட ஏன் கத்தறே? இன்னொண்ணும் இருக்கு, கேளு. ஊர்க் கணக்கை மேடையில வாசிக்கப் போறது நீ. கென்ரிக்தான் உன் பேரைக் கொடுத்திருக்கார்."

கென்ரிக் என்ற பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

துடுர் எங்கள் தொழிற்சங்கச் செயலாளர். கென்ரிக் எங்கள் உருக்காலையின் மேலாளராக இருந்தவர். நான் அதே ஆலையின் எரிசக்தி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் மீட்டர் பார்த்து எழுதினேன். எத்தனை டன் கரி, எவ்வளவு வாயு, எவ்வளவு மின்சாரம் என்று தினமும் எழுதி, வருடக் கடைசியில் லண்டனுக்குப் படிவம் நிரப்பி அனுப்புவேன். அந்த அருமையான கோட்டில் எங்கள் ஊரின் பங்கைப் போட்டுக் கொடுத்தது இந்தக் கைதான்.

எங்களுடையது வேல்ஸ் ஊர். பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் டேவிஸ். அதனால் செய்கிற வேலை பேரோடு ஒட்டிக்கொள்ளும். ரொட்டி விற்கிறவர் ரொட்டி ஜோன்ஸ். குழாய் பழுதுபார்த்தவன் குழாய் துடுர். நான் மீட்டர் ஹைல்வென். ஒருமுறை ஒட்டினால் சாகும்வரை போகாது. சில பேருக்குக் கல்லறைக் கல்லிலேயே அதை வெட்டிவைத்திருக்கிறார்கள். என் தம்பி கெதின் நாலாம் நம்பர் ஊதுலையில் ஃபோர்மேனாக இருந்தான். மூன்று வருடமாக ஊர் அவனுக்கு வைத்திருக்கிற பேர் ஐஸ் கெதின். எரிகிற உலையைக் குளிரவைத்துக் கொன்றவன் என்று அர்த்தம்.

அவன் கொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இந்தக் கதையில் நான் பல பேரைத் திட்டப்போகிறேன். வரிசையில் முதல் ஆள் நானேதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கெட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊதுலை கரி தின்னும் மிருகம். ஒரு டன் இரும்பு உருக எத்தனை கிலோ கரி போனது என்பதுதான் எங்களுக்கு ரக்பி ஸ்கோரைவிடப் பெரிய ஸ்கோர். என் அப்பா காலத்தில் அது எண்ணூறுக்கு மேல். நான் இருந்த காலத்தில் ஐந்நூறுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் லண்டனிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. வீணாகப் போகிற சூட்டைப் பிடித்து, காற்றைக் காயவைத்து, ஓட்டையை அடைத்து, ஒவ்வொரு கிலோவாகக் குறைத்தார்கள். தினமும் ஒவ்வொரு ஷிஃப்டின் எண்ணையும் நான் கேன்டீன் போர்டில் சாக்பீஸால் எழுதுவேன். வாரக் கடைசியில் எந்த ஷிஃப்ட் அதிகக் கரி தின்றதோ, அந்த ஷிஃப்டின் ஃபோர்மேன் அடுத்த வாரம் முழுக்க எல்லோருக்கும் டீ போட வேண்டும். அதற்கென்று நசுங்கிப்போன பித்தளைக் கெட்டில் ஒன்று இருந்தது.

அந்தக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மற்ற ஷிஃப்ட் ஆட்களுக்கு டீ ஊற்றுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. "சர்க்கரை போடுங்க ஃபோர்மேன் சார், கரி மாதிரி அள்ளி அள்ளிப் போடுங்க" என்று அத்தனை பேரும் உயிரை எடுப்பார்கள். உலை அணைந்த அந்த வருடம், கெதின் ஏழு வாரமாகக் கெட்டிலைத் தொடவில்லை. சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். எனக்கும் பெருமைதான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த டிசம்பரில் கென்ரிக் ஓர் உத்தரவு போட்டார். வருடக் கடைசிக்குள் டன்னுக்குப் பத்து கிலோ கரி குறைய வேண்டும், அப்போதுதான் கம்பெனிக்குச் சிக்கனச் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பே இன்னொரு சிக்கனமும் செய்திருந்தார். சனி ஞாயிறுகளில் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்.

கரி திறந்தவெளியில் மலையாகக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் நனையும். அதனால் உலையில் போடுவதற்கு முன் கரியில் எவ்வளவு தண்ணீர் என்று ஆய்வகம் அளந்து சொல்லும். நூறு கிலோவில் ஐந்து கிலோ தண்ணீர் என்றால் அந்த அளவுக்குக் கூடக் கரி போட வேண்டும். ஆய்வகம் பூட்டியிருக்கும்போது யார் அளப்பது என்று நான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை அளவையே சனி ஞாயிறுக்கும் எழுதுங்க," என்றார் கென்ரிக். "ரெண்டு நாள்ல உலகம் என்ன மாறிடப் போகுது?"

அந்த வெள்ளிக்கிழமை அளவு ஐந்து. அன்று மாலை மழை பிடித்தது. வேல்ஸ் மழை தெரியுமா உங்களுக்கு? அது விழுவதில்லை, குடிவந்துவிடும். சனிக்கிழமை முழுக்க ஊற்றியது. நான் நனைந்த கோட்டை ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு, அது சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிவதைப் பார்த்துக்கொண்டே தாளில் ஐந்து என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே கோட்டு, அதே சொட்டு, அதே ஐந்து. முட்டாள் கழுதை, நான்.

உலைக்குள் போன கரியில் நூறு கிலோவுக்கு ஏழு கிலோ, கணக்கில் வராத வெறும் மழை. கென்ரிக் பத்து கிலோ குறைத்தார் என்றால், மழை அதற்கு மேல் முப்பது கிலோவுக்கும் அதிகமாகக் குறைத்தது. ஆனால் போர்டில் தெரிந்தது கென்ரிக்கின் பத்து மட்டும். சனிக்கிழமை போர்டில் கெதின் ஷிஃப்டின் எண் அதுவரை யாரும் பார்க்காத அளவுக்கு இறங்கியிருந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். ஒருவன் கெட்டிலுக்கு முத்தம் கொடுத்து, எதிர் ஷிஃப்டைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஞாயிறு மதியம் கெதின் என் அறைக்குள் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, இரும்பு சோம்பலா வருது. வெள்ளையா வர வேண்டியது சிவப்பா, கூழ் மாதிரி வருது. கரியில ஈரம் எவ்ளோ?"

"அஞ்சு."

"அஞ்சா? நல்லாப் பாரு."

"அஞ்சுன்னு சொல்றேன்ல!"

வெள்ளிக்கிழமை ஐந்து என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஆய்வகம் பூட்டிக் கிடக்கிற விஷயம் உலைமேடை ஆட்களுக்குத் தெரிந்தால் கலாட்டா ஆகும், வெளியே பேசாதீர்கள் என்று கென்ரிக் சொல்லியிருந்தார். நானும் நல்ல வேலைக்காரியாகப் பேசாமல் இருந்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் ஓர் எண்ணைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. அதனால் அவன் நம்பினான்.

என் மேஜையிலிருந்தே கென்ரிக்குக்குப் போன் போட்டான். கூடுதல் கரி போட அனுமதி கேட்டான். கென்ரிக் ரக்பி மைதானத்தில் இருந்தார். பின்னால் கூட்டம் பாடுவது எனக்கே கேட்டது.

"உங்க அக்கா அஞ்சுன்னு சொன்னா அஞ்சுதான்," என்றார். "கரி சரியாத்தான் இருக்கு. ஒரு கிலோ கூடக்கூடாது."

சாயங்காலம் கெதின் பொறுக்க முடியாமல், தன் பொறுப்பில், இரண்டு தடவை கூடுதலாகக் கரி கொட்டினான். உலையின் உச்சியில் போட்ட கரி அடிவயிற்றுக்குப் போய்ச் சேர மணிக்கணக்காகும். அதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஆய்வகம் திறந்து அளந்தார்கள். பன்னிரண்டு. அதே நேரத்தில் உலைமேடையில் இரும்பு வடிக்கத் துளை போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு உறைந்து ஒரே பாறையாகிவிட்டது.

மூன்று மாதம் மெனக்கெட்டு உருக்கியிருக்கலாம். கம்பெனி மெனக்கெடவில்லை. எப்படியும் இரண்டு வருடத்தில் ஆலையோடு சேர்த்து மூட நினைத்த உலைதான். இப்போது மூடுவதற்கு ஒரு காரணமும், பழி போட ஓர் ஆளும் கிடைத்துவிட்டன.

விசாரணையில் அந்தக் கெட்டிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, சாட்சிப் பொருளாக மேஜை மேல் வைத்தார்கள். கென்ரிக் எழுந்து, "போட்டியில ஜெயிக்கிறதுக்காக ஃபோர்மேன் உலையைப் பட்டினி போட்டுட்டார்," என்றார். கெதின் ஷிஃப்டின் ஏழு வாரக் கணக்கு என் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. ஈரக்கணக்குத் தாளை யாரும் கொண்டுவரவில்லை. என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"நன்றி. உட்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போவதற்கு முன் நடையில் வைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று கென்ரிக் என் தோளைத் தட்டியிருந்தார். என் புருஷன் ப்ரோசர் அந்த வருடம் நுரையீரல் வியாதியில் படுத்திருந்தார். சம்பளம் வேண்டும் என்று பயந்தேன். இது காரணம்தான், மன்னிப்பு இல்லை. அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் எதற்காகப் பயந்தேன்?

கெதின் இப்போது நாற்பது மைல் தள்ளி ஒரு கிடங்கில் பார்சல் கட்டுகிறான். சங்கத்தின் கிளப்புக்குள் அவன் காலடி வைத்து மூன்று வருடம் ஆகிறது. ஆலை இருந்த இடத்தில் புதிதாக மின் உலை வருகிறது, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்குவது. நாலாயிரம் பேர் இருந்த இடத்தில் அறுபது பேருக்கு வேலை. பெயர்ப் பட்டியல் சனிக்கிழமை மதியம் கிளப் சுவரில் ஒட்டப்படும். புது உலைக்கு ஆலோசகர் கென்ரிக். பட்டியலில் ஏழாவது பெயர் என்னுடையது என்று துடுர் சொல்லியிருந்தான்.

துடுர் வந்துபோன மறுநாள், வியாழக்கிழமை, தம்பி வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் ஒரு கடிதம் பிரித்துக் கிடந்தது.

"படி," என்றான். "'விசாரணை முடிவைக் கருத்தில் கொண்டு தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை.' முப்பத்தோரு வருஷம் உலை பார்த்தவனுக்கு மூணே வரி."

"துடுர் ஆள் எடுக்கிற குழுவுல இருக்கான்ல? அவன் என்ன சொல்றான்?"

"புதுசா ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, பட்டியல் ஒட்டறதுக்குள்ள மாத்தலாமாம். சாட்சிக்கு எங்கே போறது? போன் விஷயத்தை நீ சொன்னா, தம்பிக்காகப் பேசறேன்னு தள்ளிடுவாங்க. அந்த மழையைக் கூப்பிடவா?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னைச் சொல்றதை விடுக்கா. பொண்ணை ஸ்கூல்ல 'ஐஸ் பாப்பா'ங்கிறாங்க. இதுலயும் பேர் வரலேன்னா வீட்டை வித்துட்டுக் கிளம்பிடுவேன். இந்த ஊர் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

வாய் வரைக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை ஈரம்டா அது, என்று சொல்ல வேண்டியதுதானே? கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

"சனிக்கிழமை காலையில கிளப்புக்கு வா," என்று மட்டும் சொன்னேன்.

"அங்கேயா? எல்லாரும் என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கவா?"

"அக்கா கூப்பிடறேன். கதவுகிட்ட நின்னுட்டுப் போ. அரை மணி நேரம்."

வீட்டுக்கு வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஈரக்கணக்குத் தாளின் நகல் அங்கேயே கிடந்தது. மூன்று வருடமாக அதற்கு மேல்தான் ஸ்பூன்களைப் போட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கிளப் நிரம்பி வழிந்தது. கேடயத்தைப் பார்க்க எவனும் வரவில்லை, பட்டியலைப் பார்க்க வந்திருந்தார்கள். முன்வரிசையில் கென்ரிக், புது டை கட்டிக்கொண்டு. மேடையில் லாதம் என்ற லண்டன் அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது, பளபளவென்று ஷூ. பின்னால் திரையில் அந்தக் கோடு, இடதுபக்கம் உச்சியில் தொடங்கி வலதுபக்கம் தரைக்குச் சறுக்கிக்கொண்டிருந்தது.

"குறைஞ்ச எரிபொருள்ல அதிகச் செல்வம்," என்றார் லாதம். "இந்த நாட்டோட பெரிய வெற்றி இது. உங்க ஊர் அதுல முன்னணியில இருக்கு."

"செல்வமா?" துடுர் பின்னாலிருந்து கத்தினான். "எங்கே வச்சிருக்கீங்க தம்பி? மேஜைக்கு அடியில பாருங்க, விழுந்திருக்கப் போகுது!"

கூட்டம் சிரித்தது. லாதமுக்குக் காது சிவந்தது. அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை. பாவம், கோட்டைத்தான் பார்த்திருக்கிறார், உலையைப் பார்த்ததில்லை. கோபமெல்லாம் அந்தக் கோட்டின் மேல். அதில் ஒரு பாதி நாங்கள் கிலோ கிலோவாகக் குறைத்தது, மறுபாதி எங்களை மூடிக் குறைத்தது. இரண்டுக்கும் ஒரே மையை ஊற்றி ஒரே கோடாக இழுத்து, அதற்குச் சிக்கனம் என்று பேர் வைத்தால் வயிறு எரியாதா? இப்போது இரும்பு கப்பலில் வந்து என் வீட்டு ஜன்னலுக்கு எதிரில் இறங்குகிறது. எங்கோ எவனோ கரி எரித்துத்தானே அதை உருக்கினான்? அந்தப் புகை எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறதோ, எங்கள் கணக்கில் இல்லை. நாங்கள் சுத்தம்.

"இப்போ ஊர்க் கணக்கை வாசிக்க மிசஸ் ப்ரோசரை அழைக்கிறேன்," என்றார் லாதம்.

என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. கென்ரிக் கொடுத்தனுப்பியது ஒன்று, இழுப்பறையில் கிடந்தது ஒன்று. கதவருகில் பார்த்தேன். கெதின் நின்றிருந்தான், தொப்பியைக் கழற்றாமல். அவனைச் சுற்றி இரண்டடிக்கு யாரும் நிற்கவில்லை.

"நாலு எண் வாசிக்கப் போறேன்," என்றேன். "நாலாம் நம்பர் உலை உறைஞ்ச வாரத்துல, கரியோட ஈரம். என் கையால எழுதினது. வெள்ளி, அஞ்சு. சனி, அஞ்சு. ஞாயிறு, அஞ்சு."

அடுத்த வரியில் விரலை வைத்தேன்.

"திங்கள், பன்னிரண்டு."

லாதமுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தார். ஆனால் அந்த ஹாலில் இருநூறு உலைக்காரர்கள் இருந்தார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. எதிர் ஷிஃப்டின் கிழட்டு ஃபோர்மேன் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மழை," என்றார். "அடப்பாவிகளா. நாம கரின்னு மழையைப் போட்டிருக்கோம்."

"ஆமா," என்றேன். "சனி ஞாயிறு யாரும் அளக்கல. சிக்கனம்னு ஆய்வகத்தைப் பூட்டிட்டார், முன்வரிசையில டை கட்டி உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷன். வெள்ளிக்கிழமை அளவையே எழுதச் சொன்னார். எழுதினது நான். என் கோட்டுல தண்ணி சொட்டச் சொட்ட எழுதினேன். என் தம்பி வந்து கேட்டான், அவன்கிட்டயும் அஞ்சுன்னேன். கூடக் கரி வேணும்னு அவன் போன் போட்டான். ரக்பி பார்த்துக்கிட்டே வேணாம்னுட்டார் இவர். கெதின் கெட்டிலுக்காக உலையைக் கொல்லல. கொன்னது இவரு, நானு, அந்தப் பாழாப்போன சான்றிதழு!"

கென்ரிக் எழுந்தார். "இவங்களுக்கு உடம்பு சரியில்லை. மைக்கை அணைங்க."

"நீ தொட்டுப் பாரு அந்த மைக்கை!" என்று துடுர் வந்த வேகத்தில் இரண்டு நாற்காலிகள் சாய்ந்தன. கென்ரிக் எதையும் தொடவில்லை. தன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். அவரை எவனும் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் அவர்தான் ஆலோசகர். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கடிபடுகிறது.

மேடை ஓரத்திலேயே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாதம் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"மிசஸ் ப்ரோசர், அந்த வருஷப் படிவத்துல திருத்தம் ஏதாவது வருமா?"

"வரும். ரெண்டு நாளைக்குக் கரிக் கணக்கு தப்பு."

அவர் போனில் ஏதோ தட்டிப் பார்த்தார். "பரவாயில்லை. தேசிய அளவுல கோடு மாறாது."

நான் கையில் இருந்த கென்ரிக்கின் தாளைக் கசக்கி அந்தக் கோட்டின் மேல் எறிந்தேன். திரையில் பட்டு விழுந்தது. வேறென்ன செய்ய?

பன்னிரண்டு மணிக்குத் துடுர் பட்டியலை ஒட்டினான். அச்சடித்த ஏழாவது பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் கையெழுத்தில் கெதினின் பெயர். விதி அப்படி. உலை உறைந்ததற்குக் காரணமானவர்களுக்குப் புது உலையில் இடமில்லை. கென்ரிக் ஆலோசகர்தானே, வேலைக்காரர் இல்லையே, அதனால் விதி அவரைத் தொடாதாம். துடுரிடம் கேட்டேன். சிரித்தான், அழுகிற மாதிரி.

பிறகு அவன் கவுண்டருக்குப் பின்னால் போய், விசாரணை முடிந்து திரும்பி வந்து ஆணியில் தொங்கிய கெட்டிலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். சாட்சிச் சீட்டு இன்னும் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் எந்த ஷிஃப்டிலும் இருந்தவள் இல்லை. கெட்டிலை யார் தூக்குவது என்று போர்டில் எழுதினேனே தவிர, நான் தூக்கியதில்லை. தண்ணீர் பிடித்தேன், அடுப்பில் வைத்தேன், இருநூறு பேருக்கு டீ போட்டேன். யாரும் கிண்டல் செய்யவில்லை, சர்க்கரை கேட்டு உயிரை எடுக்கவில்லை. கிண்டல் செய்திருந்தால் தேவலை என்றிருந்தது. கோப்பையை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கெதினிடம் மட்டும் போய் ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார்கள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி ஆளாக வரிசையில் வந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"மூணு வருஷம்," என்றான்.

"டேய்..."

"என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டியே அக்கா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து சாப்பிட்டியே. என் பொண்ணோட போட்டி போட்டுச் சீட்டாடிச் சிரிச்சியே. எப்படி முடிஞ்சுது உன்னால?"

கோப்பையை நீட்டினேன். வாங்கி ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"இதுலயும் தண்ணி ஜாஸ்தி," என்று சொல்லிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. புது உலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது என் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் போவான், தலையைத் திருப்ப மாட்டான். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு டீ போடப் போவேன். கேடயத்தை நகர மன்றத்து நடையில் மாட்டியிருக்கிறார்கள். அதன் பக்கம் நான் போவதில்லை.

நேற்றுக் காலை ரொட்டி வாங்கப் போனேன். கடைக்குள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரொட்டி ஜோன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பெரிய ரொட்டி தீர்ந்துபோச்சு, மழை ஹைல்வென்," என்றார். "கடைசியா இருந்ததைக் கெதின் வாங்கிட்டுப் போயிட்டான்."

வெறும் கெதின் என்றார்.

"சின்னதே கொடுங்க," என்றேன்.